விடுதலைப் பத்திரத்தில் யாருக்கு விடுதலை?

சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர்கள் அதை 'விடுதலைப் பத்திரம்' என்கிறார்கள். கூட்டுச் சொத்தில் தனக்குள்ள பங்கை ஒரு பங்குதாரர் இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் ஆவணம் அது. விடுதலை என்ற சொல்லுக்காகத் தலைமுறை தலைமுறையாக மேடை போட்ட சமூகம் நம்முடையது. அந்தச் சொல்லையே தலைப்பாகப் போட்ட தாளில், படித்துக்கூடக் காட்டாமல், நம் வீட்டுப் பெண்களிடம் கைரேகை வாங்குகிறார்கள். வாங்கிக் கொடுப்பவர்களில் பலர் நம் தோழர்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

திருத்தணியைச் சுற்றியுள்ள சேரிகளிலும் காலனிகளிலும் மணமுறிவு வரை வந்துவிட்ட குடும்பங்களோடு நாங்கள் வேலை செய்கிறோம். வீடு இருவர் பேரிலும் இருந்தால் நடப்பது இரண்டில் ஒன்று. ஒன்று, அந்தப் பெண் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போகிறாள். இரண்டு, "வீட்ட வித்து ஆளுக்குப் பாதி" என்று பேசி முடிக்கிறார்கள். முதலாவது அநியாயம் என்று சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டாவதைச் சொல்லும்போதுதான் முகம் மலர்கிறது. "பாதி வாங்கிக் குடுத்துட்டோம் தோழர், சமத்துவமா முடிச்சிட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு முதலாவதைவிட இரண்டாவதில்தான் பயம் அதிகம். முதலாவது அநியாயமாகவே கண்ணில் படுகிறது. இரண்டாவது நியாயம் மாதிரி தெரிகிறது.

பாதி என்றால் என்ன பாதி என்று பார்க்க, அந்த வீடு எப்படி எழும்பியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் பகுதியில் ஒரு தலித் குடும்பத்துக்குச் சொந்த வீடு என்பது பெரும்பாலும் ஆதிதிராவிடர் நலத்துறை கையகப்படுத்திப் பிரித்துக் கொடுத்த இரண்டு மூன்று சென்ட் மனை. 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இதற்காகவே இருக்கிறது. அந்த மனையில் அரசுத் தொகுப்பு வீடு. பிரதமர் வீட்டுத் திட்டத்தின் ஊரகப் பிரிவில் வீட்டைக் கணவன் மனைவி இருவர் பேரிலும் ஒதுக்க வேண்டும், அல்லது மனைவி பேரில் மட்டும் ஒதுக்கலாம் என்பது விதி. ஆகவே 'கூட்டுச் சொத்து' என்பது நகரத்து அடுக்குமாடிக்காரர்களின் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். நம் காலனியில் தகரக் கதவு போட்ட வீடும் கூட்டுச் சொத்துதான்.

அந்தத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு அடிப்படைத் தொகை 1,20,000 ரூபாய். மாநில அரசு கூரைக்குக் கூடுதலாகத் தருகிறது. இந்தப் பணத்தில் வீடு முடிந்ததாக யாராவது சொன்னால் அவரை நாங்கள் பார்க்க வேண்டும். மீதிக்கு என்ன செய்கிறார்கள்? மகளிர் குழுக் கடன். அது போதாதென்று வாராவாரம் வட்டியோடு கட்டும் நுண்கடன். கம்மலை அடகு வைக்கிறார்கள். நூறு நாள் வேலைக் கூலி சிமென்ட் மூட்டையாகிறது. கொத்தனாருக்குக் கலவை தூக்கிப் போட்டவளும், ராத்திரி சுவருக்குத் தண்ணீர் ஊற்றியவளும் அவள்தான், அதற்குக் கூலி யாரும் எழுதி வைக்கவில்லை. குழுக் கடன் முழுக்க அவள் பேரில் இருக்கிறது. இது முக்கியம். வீடு இருவர் பேரில், கடன் ஒருத்தி பேரில்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடு 6 லட்சத்துக்கு விலை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகர் 2 விழுக்காடு எடுத்தால் 12,000 போகும். மீதியில் பாதி 2,94,000. அவள் பேரில் குழுக் கடன் பாக்கி 70,000, நகைக் கடன் 60,000. கட்டினால் கையில் நிற்பது 1,64,000. வாடகை வீட்டுக்கு முன்பணம் 40,000 கொடுத்தால் 1,24,000. மாதம் 4,000 வாடகை என்றால் அது 31 மாதத்துக்கு வரும். இரண்டரை வருடம். பிள்ளைகளின் பள்ளிச் செலவும் சாப்பாடும் இதில் இல்லை. அவன் கையிலும் அதே 2,94,000. ஆனால் அவன் போய்ப் படுக்க அதே தெருவில் அப்பா வீடு இருக்கிறது, வாடகை கிடையாது, சோறு போட அம்மா இருக்கிறாள். கல்யாணமாகி இடம் மாறி வந்தவள் அவள், அவன் எங்கும் மாறிப் போகவில்லை. ஒரே தொகையை இருவர் கையிலும் வைத்துவிட்டுச் சமம் என்று சொல்வது எந்த ஊர்க் கணக்கு?

வாடகை வீடு என்று சுலபமாக எழுதிவிட்டோம். கிடைத்தால்தானே. திருத்தணி கோயில் நகரம். கிருத்திகைக்கும் ஆடிக்கும் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் வந்து இறங்கும் கூட்டத்துக்கு அறை விட்டால் ஒரே நாளில் வரும் பணம், குடும்பத்துக்கு வீடு விட்டால் வராது. சென்னை திருப்பதி நெடுஞ்சாலை ஓரம் மனை விலை ஏறியதில் வாடகையும் ஏறியது. அதற்கு மேல் இருக்கிறது நம் நாட்டின் அந்தப் பழைய கேள்வி. "எந்த ஊரும்மா? எந்தத் தெரு?" தெருப் பெயரைச் சொன்னதும் வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது என்பார்கள். சாதி தெரியாமல் தப்பித்தால் அடுத்த கேள்வி, "வூட்டுக்காரர் இன்னா பண்றாரு?" தலித்துக்கு வீடு கிடையாது. தனியாக வாழும் பெண்ணுக்கும் கிடையாது. தலித்தாகவும் தனியாகவும் இருப்பவளுக்கு எங்கே கிடைக்கும்? வாடகைச் சந்தையே சாதி பார்த்துக் கதவைச் சாத்தும் ஊரில், சொந்த வீட்டை விற்றுப் பணமாகப் பிரித்துக் கொடுப்பது அவளைத் தெருவுக்கு அனுப்புவதுதான். ஆதிக்க சாதிப் பெண்ணுக்கும் மணமுறிவு கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவள் வாடகைக்குக் கேட்டுப் போகும் வாசலில் தெருப் பெயர் அவளைத் துரத்துவதில்லை.

விலையிலும் ஒரு சூது இருக்கிறது. அரசு தந்த மனைப்பட்டா பெரும்பாலும் நிபந்தனைப் பட்டா, நம் ஊரில் 'கண்டிஷன் பட்டா' என்பது. நினைத்த நேரத்தில் நினைத்தவருக்குக் கிரயம் எழுத முடியாது, நிபந்தனையை மீறினால் அரசு மனையைத் திரும்ப எடுக்கலாம். அதனால் நடப்பது பதிவில்லாத விற்பனை. நூறு ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம், சுவாதீனம் கைமாறும், பத்திரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்படி விற்கும் வீட்டுக்கு யார் முழு விலை கொடுப்பார்? அவசரத்தில் விற்கிறார்கள் என்று தெரிந்ததும் இன்னும் குறைப்பார்கள். அடிமாட்டு விலைக்கு விற்றதில் பாதிதான் அந்தச் சமத்துவம்.

வாங்குவது யார் என்றும் பாருங்கள். சில இடங்களில் பங்காளிகளே வாங்குகிறார்கள். பல இடங்களில் வட்டிக்கு விடுகிறவரோ மனை வியாபாரியோ, சேரிக்கு வெளியில் இருந்து வருகிறார். காலனியின் முகப்பு மனை ஒவ்வொன்றாகக் கைமாறுகிறது.

இதை வேறெங்கோ படித்த மாதிரி இருக்கிறதா? பஞ்சமி நிலத்தின் கதை இதுதான். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பத்து ஆண்டுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனையும் இருந்தது. நிபந்தனை தாளில் நின்றது, நிலம் கைமாறிப் போனது. கடனுக்கும் கல்யாணத்துக்கும் மிரட்டலுக்கும் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அதை மீட்கத்தான் 1994இல் காரணையில் போராடினார்கள். அந்தப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். அவர்கள் படத்துக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். அந்த மேடையில் "கைநாட்டு வாங்கிப் பிடுங்கிய நிலம்" என்று தொண்டை கிழியப் பேசும் தோழர், அடுத்த வாரம் தன் தெருப் பெண்ணிடம் கைநாட்டு வாங்கித் தரகருக்கு வீட்டை முடித்துக் கொடுக்கிறார். ஆதிக்க சாதிக்காரன் வாங்கினால் அது நில அபகரிப்பு, நாம் வாங்கிக் கொடுத்தால் சமாதானமா?

கோபப்படாதீர்கள். கோபம் வந்தால் மேலே படியுங்கள்.

இந்தச் சமாதானம் நடக்கும் இடம் பஞ்சாயத்து. தீர்த்துவிடும் வழக்கம் நம் சமூகங்களில் பழையது. நாட்டாமை முன்னால் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு, சீர் சாமானைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இருவரும் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். பெண்ணை ஆயுள் முழுக்கக் கட்டிப்போடும் பிராமணிய முறையைவிட இது எவ்வளவோ மேல் என்று நாங்களும் வகுப்புகளில் சொல்லியிருக்கிறோம், இப்போதும் சொல்கிறோம். இந்துத் திருமணச் சட்டத்தின் 29ஆவது பிரிவும் வழக்கப்படியான மணமுறிவை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த வழக்கம் உருவான காலத்தில் சேரியில் பட்டா கிடையாது. பிரிக்க இருந்தது பாத்திரமும் ஆடும் மட்டும்தான். இன்றைக்கு வீடு வந்துவிட்டது, வழக்கம் அப்படியே நிற்கிறது. பஞ்சாயத்தில் உட்காருவது ஆண்கள். "இன்னாம்மா, பீரோ கட்டில எடுத்துக்கோ, துட்டு வாங்கிக்கினு போய்ட்டே இரு, வூடு அவன் மண்ணுல கீது" என்று அரைமணி நேரத்தில் முடிகிறது. அவன் மண்ணா? அரசு கொடுத்த மண், அவள் பேரும் பட்டாவில் இருக்கிறது.

திருத்தணிக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஊர் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டம், சிறை, பிறகு படாஸ்கர் கிராமம் கிராமமாக மொழி பார்த்துத் தந்த பரிந்துரை, 1959இல் நாடாளுமன்றத்தில் எல்லைச் சட்டம், 1960 ஏப்ரல் 1இல்தான் இங்கே வந்து சேர்ந்தது. ஓர் ஊரை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவு செய்ய அவ்வளவு பேச்சு. அந்த ஊரில் ஒரு பெண்ணின் வீட்டை முடிவு செய்ய அரைமணி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பஞ்சாயத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளோ, நோட்டரி முத்திரை குத்திய தாளோ தானாக மணமுறிவு ஆகிவிடாது. வழக்கம் இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடிந்தால்தான் அது நிற்கும். அதே தாளில் "வீட்டில் எனக்குப் பாத்தியதை இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால், பதிவு செய்யாத அந்த வரியால் வீட்டுப் பங்கு போய்விடாது. பயந்துகொண்டு இருக்கும் பெண்களுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, சட்டம் கையில் என்ன கொடுத்திருக்கிறது என்று பார்ப்போம். மாணவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். முழக்கத்தைவிட இது அதிக வேலை செய்யும்.

2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பத்திரம் யார் பேரில் இருந்தாலும் கூடி வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. 19ஆவது பிரிவின் கீழ் நடுவர், அவளை வெளியேற்றக் கூடாது என்றும், வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்றும், தேவைப்பட்டால் கணவன் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றும், அல்லது மாற்று வீட்டுக்கு வாடகை கொடுக்க வேண்டும் என்றும் ஆணையிடலாம். 18ஆவது பிரிவிலும் சொத்தை விற்பதற்குத் தடை கேட்கலாம். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் 18ஆவது பிரிவின் பாதுகாப்பு ஆணையை மீறினால் 31ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறையும் 20,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 23ஆவது பிரிவில் இடைக்கால ஆணை வாங்கலாம், எதிர்த்தரப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விற்பனை பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று காதில் விழுந்த அன்றே இதைச் செய்ய வேண்டும். முன்பணம் கைமாறிய பிறகு வந்து எங்களிடம் அழுதால் வேலை நாலு மடங்கு.

'கூடி வாழ்ந்த வீடு' என்றால் கணவனுக்குச் சொந்தமான வீடு, அவன் வாடகைக்கு எடுத்த வீடு, அல்லது அவன் உறுப்பினராக உள்ள கூட்டுக் குடும்பத்தின் வீடு மட்டும்தான் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சுருக்கி வைத்திருந்தது. 2020 அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தினார்கள். மாமனார் பேரில் இருக்கும் வீடானாலும் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது கூடி வாழ்ந்த வீடுதான். அந்த டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு, பெங்களூர் வழக்கு. கணவன் வாங்கிய வீடு, அதைத் தன் அப்பாவுக்கு விற்றான், அப்பா அதை அம்மாவுக்குத் தானமாக எழுதினார், அப்பாவும் அம்மாவும் மூத்த குடிமக்கள் சட்டத்தில் மருமகளை வெளியேற்றச் சொல்லி மனுப் போட்டார்கள். இந்த வேலையை நம் ஊரிலும் பார்க்கிறோம், இதற்கென்றே யோசனை சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி ஒரு பெண்ணின் வசிப்புரிமையைத் தட்டிப் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அந்த வெளியேற்ற ஆணையை நீக்கியது.

வசிக்கும் உரிமை ஒரு பக்கம், பங்கு இன்னொரு பக்கம். கூட்டாக வாங்கிய சொத்தில் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால் சம பங்கு என்று கொள்ள வேண்டும், இது சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு. "எல்லாம் என் துட்டு" என்கிறவன் அதைக் காட்ட வேண்டும். அவன் காட்ட வந்தால் குழுக் கடன் புத்தகமும் அடகுச் சீட்டும் அவள் பக்கம் பேசும், ஆகவே அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். கூட்டுப் பங்குதாரர் ஒருவர் மற்றவர் கையெழுத்து இல்லாமல் விற்றால், விற்பது தன் பிரிபடாத பாகத்தை மட்டுமே. குடும்பம் குடியிருக்கும் பிரிபடாத வீட்டில் அப்படிப் பாகம் வாங்கிய வெளியாள், 44ஆவது பிரிவின்படி, உள்ளே வந்து கூடக் குடியேற உரிமை கோர முடியாது. பாகப்பிரிவினை வழக்குப் போட்டுவிட்டால் 52ஆவது பிரிவு துணைக்கு வரும். வழக்கு நடக்கும்போது வாங்குகிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். இதைக் கேட்டாலே பாதித் தரகர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

இரண்டு சென்ட் வீட்டை எப்படி நடுவில் கோடு போட்டுப் பிரிப்பது என்பார்கள். 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் அதற்கும் வழி சொல்கிறது. பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பிரிக்கச் சொல்லி, பாதிப் பங்கு உள்ளவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம், 2ஆவது பிரிவு. இதுதான் அந்த 'வித்துப் பாதி'யின் சட்ட வடிவம். ஆனால் அடுத்த பிரிவையும் படிக்க வேண்டும். அப்படி ஒருவர் விற்கச் சொல்லிக் கேட்டதும், மற்ற பங்குதாரர் "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். நீதிமன்றம் மதிப்புப் போட்டு அவருக்கே விற்க ஆணையிட வேண்டும். ஆக, விற்பது என்று முடிவானாலும் முதலில் கேட்க வேண்டியவள் அவள். எந்தப் பஞ்சாயத்தில் அவளைக் கேட்டார்கள்? நிரந்தர ஜீவனாம்சத்தை அவன் பங்கோடு கழித்துக்கொள்ளலாம் என்று சமரசத்தில் வலியுறுத்துங்கள். இந்துத் திருமணச் சட்டத்தின் 25ஆவது பிரிவு ஜீவனாம்சத்துக்கு அவனுடைய அசையாச் சொத்தின் மேல் பொறுப்பு ஏற்படுத்தவும் இடம் தருகிறது.

எல்லையோரத்துப் பெண்களுக்கு ஒரு தனி விஷயம். நகரி, புத்தூர் பக்கம் பெண் கொடுத்து எடுப்பது நமக்குச் சாதாரணம். சண்டை போட்டு அம்மா வீட்டுக்குப் போனவளிடம் "திருத்தணி கோர்ட்டுக்கு வந்து போட்டுக்கோ" என்று சவால் விடுவார்கள், பஸ் செலவுக்கே அவளிடம் காசிருக்காது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவில், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தின் நடுவரிடமே மனுப் போடலாம், அந்த ஆணை இந்தியா முழுக்கச் செல்லும். ஆந்திரத்து நடுவர் போட்ட ஆணை இங்கே இருக்கும் வீட்டைக் கட்டுப்படுத்தும். விவாகரத்து வழக்கையும் மனைவி தான் வசிக்கும் இடத்தில் தொடுக்கலாம். வீட்டுப் பங்குக்கான பாகப்பிரிவினை வழக்கு மட்டும் வீடு இருக்கும் இடத்தில்தான். வழக்கறிஞர் கட்டணம்? பெண்ணாக இருந்தாலே இலவசச் சட்ட உதவி உண்டு, பட்டியல் சாதியினராக இருந்தாலும் உண்டு, வருமானச் சான்று கேட்கக் கூடாது. 15100 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

சாதி மறுப்புத் திருமணங்களில் இது இன்னும் கொடூரமாக வரும். கணவன் ஆதிக்க சாதி, மனைவி தலித், பிரிவு வந்ததும் அவன் வீட்டார் முதலில் செய்வது அவளை அந்தத் தெருவைவிட்டு விரட்டுவது. அங்கே வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பேசும். தலித்தை அவருடைய நிலத்திலிருந்தோ இடத்திலிருந்தோ முறைகேடாக வெளியேற்றுவது 3ஆவது பிரிவில் தனிக் குற்றம். காவல் நிலையத்தில் "இது குடும்பத் தகராறு" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். திரும்பாதீர்கள்.

எங்களிடம் வழக்கமாக வைக்கும் எதிர்வாதம் ஒன்று உண்டு. "அவனும் தலித் கூலிக்காரன்தானே தோழர், அவனை மட்டும் தெருவில் விடுவதா?" நியாயமான கேள்வி. அவன் பங்கை நாங்கள் பிடுங்கச் சொல்லவில்லை. அவன் பங்கு அவனுடையது, அதற்கு விலை உண்டு. அவள் தவணையில் கொடுக்கலாம், ஜீவனாம்சத்தில் கழியலாம், பிள்ளைகள் வளரும்வரை விற்பனையைத் தள்ளிப்போடலாம். வழிகள் இருக்கின்றன. "பொய் வழக்குப் போடுகிறார்கள்" என்பது இன்னொன்று. வீட்டில் குடியிருக்க விடு என்று கேட்பதில் என்ன பொய் இருக்க முடியும் என்று எங்களுக்குப் புரியவில்லை. விற்றுவிட்டுப் போகவே விரும்பும் பெண்களும் இருக்கிறார்கள். அடி வாங்கிய சுவருக்குள் திரும்பப் படுக்க மனமில்லாதவர்களை வீட்டைக் காப்பாற்று என்று நாம் கட்டாயப்படுத்தினால் அதுவும் கட்டப் பஞ்சாயத்துதான். அவள் விற்கட்டும். ஆனால் குழுக் கடனையும் அடகையும் பொதுத் தொகையிலிருந்து முதலில் அடைத்துவிட்டுப் பிறகு பிரிக்க வேண்டும். பணம் அவள் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகே கையெழுத்து. வழிகாட்டி மதிப்பையும் சந்தை விலையையும் அவள் தரப்பு ஆளே விசாரிக்க வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு காரணம் சொல்வார்கள், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் 1 விழுக்காடு. "விவாகரத்து ஆர்டர் வந்துட்டா நீ குடும்பம் இல்ல, செலவு ஏறிடும், இப்பவே போட்டுடும்மா" என்பார்கள். மிச்சமாகும் காசு யாருக்கு மிச்சம்? எழுதி வாங்குகிறவனுக்கு. அவனுக்கு முத்திரைச் செலவு குறைய வேண்டும் என்பதற்காக அவள் வீட்டை விட வேண்டுமாம்.

சட்டம் நமக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பத்திரத்தில் பெயரில்லாத மனைவிக்குத் திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்தில் தானாகவே பங்கு என்ற சட்டம் கோவா போன்ற போர்ச்சுக்கீசியர் ஆண்ட பகுதிகளைத் தவிர இந்த நாட்டில் இல்லை. கோவாவுக்கும் அது போர்ச்சுக்கீசியர் விட்டுப் போனது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கேட்டுத் தீர்மானம் போட்டது. அம்பேத்கர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக 1951இல் அமைச்சர் பதவியைத் தூக்கிப் போட்டார். அதற்கெல்லாம் பிறகும், மணமுறிவில் கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் திருத்த மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவையில் நிறைவேறாமலே 2014இல் காலாவதியானது. அதற்காக நம்மில் யாரும் ஒரு சுவரொட்டி ஒட்டியதாக நினைவில்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வெளிநாட்டில் கணவன் சம்பாதித்த காலத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்துச் சேர்ப்பில் பங்களிப்புதான், அவளுக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். நல்ல தீர்ப்பு. ஆனால் தனி நீதிபதியின் தீர்ப்பு சட்டத்துக்கு ஈடாகாது.

மாநில அரசிடம் கேட்க ஒன்று இருக்கிறது. தாட்கோவின் முழுப்பெயரிலேயே வீட்டுவசதி இருக்கிறது. அது 2023இல் கொண்டுவந்த நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தில், நிலமற்ற தலித், பழங்குடிப் பெண் விவசாயத் தொழிலாளர்கள் நிலம் வாங்க 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தருகிறார்கள், முத்திரைத் தீர்வையும் இல்லை. அதே மானியத்தையும் விலக்கையும், பிரியும் கணவனின் வீட்டுப் பங்கை வாங்கும் தலித் பெண்ணுக்கும் நீட்டிக்கலாம். 1893ஆம் ஆண்டுச் சட்டம் 'நீயே வாங்கிக்கொள்' என்கிறது, வாங்கப் பணம் கொடுக்க வேண்டியது அரசு. நிபந்தனைப் பட்டா வீடுகளை மணமுறிவின்போது வெளியாளுக்குக் கைமாற்றினால் வட்டாட்சியர் தலையிட்டு, அங்கே குடியிருக்கும் மனைவி பேருக்கு மாற்ற வேண்டும் என்றும் கேட்கிறோம். இந்த இரண்டு கோரிக்கைகளோடு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். சட்டம் படிக்கும் மாணவர்கள் வரைவைத் திருத்தித் தரலாம்.

அதுவரைக்கும், அடுத்த முறை யாராவது "தோழர், ஒரு சின்னப் பஞ்சாயத்து, சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க" என்று கூப்பிட்டால், போவதற்கு முன் அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டா யார் பேரில், நிபந்தனை உண்டா, குழுக் கடன் பாக்கி எவ்வளவு என்று அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். அவன் தம்பியோ நாட்டாமையோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் அது தனியாகக் கேட்டதாகாது.